பளபளப்பு: உண்டு / இல்லை

மழை அளவு வாரியத்தில் இடமாற்றம் கிடைப்பது பெரிய காரியமில்லை. நாலு வருஷம் விடாமல் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தால் யாராவது ஒருவர் சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். கிடைத்த இடமாற்றத்தை எடுத்துக்கொண்டு வாரியத்தின் வாசலைத் தாண்டுவதுதான் பெரிய காரியம்.

இயக்குநரின் கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை உத்தரவு வந்தது. அவர் மனைவி ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்த வேறொரு ஊரில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தாள். மகள் நாலாம் வகுப்பு. ஓட்டுநர் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போவார். போனதும் மகள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு, "எப்பப்பா கிளம்புவீங்க?" என்று கேட்பாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் அவள் அதைத்தான் கேட்பாள்.

உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. அறுபது நாளுக்குள் இங்கே விடுவிப்புப் பெற்று மனைவியின் ஊர்க் கிளையில் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் உத்தரவு காலாவதி. அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. ஓட்டுநர் இதைத் தொலைபேசியில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "அறுபது நாள் எதுக்கு? ஆறு நாள்ல வந்துடுங்க" என்றவள், அன்று சாயங்காலமே அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து வைத்தாள்.

விடுவிப்புப் படிவத்தில் முப்பத்தோரு கட்டங்கள். ஸ்டெப்னி உண்டா இல்லையா, ஜாக்கி உண்டா இல்லையா, கண்ணாடி உடைந்ததா உடையாததா என்று வரிசையாகப் போகும். வாகனப் பிரிவு மேற்பார்வையாளர் பதினாறு கட்டங்களை மளமளவென்று நிரப்பிவிட்டார். பதினேழாவது கட்டத்தில் பேனா நின்றது. அதில், 'வண்டியின் பளபளப்பு: உண்டு / இல்லை' என்று அச்சடித்திருந்தது.

இருவரும் கொட்டகைக்குப் போய்க் காரைப் பார்த்தார்கள். தினமும் துடைக்கிற கார், சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது வருஷம் வெயிலைத் தின்ற பானெட். குனிந்து பார்த்தால் மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும்.

"உண்டுன்னு போட்டுடுங்க சார்."

"போட்டுடலாம்ப்பா. நாளைக்கு ஒருத்தன் வந்து எங்கய்யா பளபளப்புன்னு கேட்டா, நான் எதைக் காட்டறது?"

"அப்ப இல்லைன்னு போடுங்க."

"இல்லைன்னு போட்டா அது உன் காலத்துலதான் காணாமப் போச்சுன்னு ஆயிடும். பளபளப்பைத் தொலைச்சவனை எப்படி விடறது?"

ஓட்டுநர் யோசித்தார். "சார், இது ஒரு வேலையே இல்ல. லேசா ஒரு கை பாலிஷ் போட்டா கீறல் போயிடும். மேல மெழுகு பூசிட்டா பளபளன்னு நிக்கும். முனைக்கடையிலேயே ரெண்டும் கிடைக்குது. என் காசுல வாங்கிட்டு வந்து நாளைக்குக் காலைல முடிச்சிடறேன்."

மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாரியத்து வண்டியில தனியார் பளபளப்பா?"

அதனால் ஓட்டுநர் முறைப்படி விண்ணப்பம் எழுதினார். நாலே வரி. ஆனால் நாலில் ஒரு வரியில், 'தகுந்த பாலிஷும் மெழுகும்' என்று எழுதித் தொலைத்துவிட்டார். 'தகுந்த' என்று ஒரு சொல்லைக் கோப்பில் பார்த்துவிட்டால் வாரியத்துக்கு இருப்புக் கொள்ளாது. எது தகுந்தது, அதை யார் சொல்வது, சொல்வதற்கு அவர் தகுந்தவரா என்று மேல்மாடிவரை ஒரு சுற்றுப் போய்ப் பதினோராம் நாள் கோப்பு இறங்கி வந்தபோது அதன் நெற்றியில், 'பளபளப்புத் தேர்வுக் குழு' என்று எழுதியிருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர், துணை இயக்குநர். உறுப்பினர், நமக்குத் தெரிந்த மேற்பார்வையாளர். மூன்றாமவர் நிபுணர். அவர் வாரியத்தின் கலையரங்கத் தரைக்கு முப்பது வருஷமாக மெழுகு போட ஆலோசனை சொன்னவர். காரை அவர் அதுவரை உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார்.

முதல் கூட்டத்தில் துணை இயக்குநர் உருக்கமாகப் பேசினார். ஓட்டுநர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வாரியம் மழையை அளக்குது. மழை நம்ம கையில இல்ல. பெஞ்சாலும் பெய்யலைன்னாலும் நம்மள யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது. அந்த நிம்மதியிலதான் இத்தனை வருஷம் ஓட்டிட்டோம். ஆனா பளபளப்பு அப்படி இல்ல. அதை நாம தேர்ந்தெடுத்தாகணும். தேர்ந்தெடுத்தா நாளைக்கு நாமதான் தேர்ந்தெடுத்தோம்னு சொல்லிடுவாங்க. என்னோட முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு முடிவும் எடுத்ததில்ல. அதனாலதான் ஒரு தப்பும் பண்ணினதில்ல."

மற்ற இருவரும் மேசையைத் தட்டினார்கள்.

மூன்று பாலிஷ், ஏழு மெழுகு, மாதிரி டப்பாக்கள் வந்து சேர்ந்தன. எந்தப் பாலிஷோடு எந்த மெழுகு சேரும் என்று பார்க்க வேண்டும். மூவேழு இருபத்தொரு சோதனை. ஒரு சோதனைக்கும் இன்னொன்றுக்கும் பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதால் எல்லாம் பானெட்டில் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று நிபுணர் சொன்னார். முந்தின மெழுகு சுத்தமாகப் போன பிறகே அடுத்ததைப் பூச வேண்டும் என்றும் சொன்னார்.

"சார், ஒரு விஷயம்" என்றார் ஓட்டுநர். "மெழுகு மேல உக்காந்துக்கும். பாலிஷ் அப்படி இல்ல. அது கீறலோட சேத்து பெயின்டையும் கொஞ்சம் சீவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை போடலாம். இருபத்தொரு தடவை ஒரே இடத்துல தேச்சா தோல் உரிஞ்சிடும்."

துணை இயக்குநர் அவரை அன்போடு பார்த்தார். "குறிப்புல ஏத்துங்க. 'ஓட்டுநர் கருத்துத் தெரிவித்தார்.'"

"என்ன கருத்துன்னு எழுத வேண்டாமா சார்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"அது எதுக்கு? தெரிவிச்சாரா இல்லையாங்கறதுதான் முக்கியம்."

சோதனைகள் தொடங்கின. ஓட்டுநர் துணியைச் சுற்றிக்கொண்டு வட்டமாகத் தேய்ப்பார். காய்ந்ததும் துடைப்பார். மெழுகு பூசுவார். காத்திருப்பார். இன்னொரு துணியால் எடுப்பார். பிறகு மூன்று பேரும் பானெட்டில் குனிந்து அவரவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். துணை இயக்குநர் தன் முகத்தை ரொம்ப நேரம் பார்ப்பார். "திருப்தியா இல்லையே" என்பார். அது மெழுகின் குற்றம்தானா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. மூவரில் ஒருவர் வராவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. மறுநாள் மறுபடி பாலிஷிலிருந்து தொடங்க வேண்டும். மேற்பார்வையாளருக்குப் பல் பிடுங்கியதில் மட்டும் நாலு சோதனை செல்லாமல் போயிற்று.

முகம் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று நிபுணர் கோப்பு வழுக்கும் சோதனையைக் கொண்டுவந்தார். கலையரங்கத்தில் எத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர் தரையின் பளபளப்பைக் கணக்கிடுவாராம். பானெட்டில் ஆளை ஏற்ற முடியாது என்பதால் கோப்பு. பானெட்டின் மேல்விளிம்பில் ஒரு கோப்பை வைத்துக் கையை எடுப்பார். அது சர்ரென்று வழுக்கிக் கீழே விழுவதற்கு ஆன நேரத்தை மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார். ஐந்தாவது மெழுகில் கோப்பு ஒன்றரை வினாடியில் விழுந்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு கோப்பு அவ்வளவு வேகமாக நகர்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மாடியிலிருந்து சிலர் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். வழுக்க வைத்த கோப்பு ஓட்டுநரின் இடமாற்றக் கோப்புதான். கையில் அகப்பட்டது அதுதான் என்றார்கள்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. நல்ல மெழுகு என்றால் மேலே ஊற்றுகிற தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். குழாயைத் திறந்துவிட்டுப் பீய்ச்சினார்கள், நின்றது. குழுவுக்கு முதல்முறையாக ஒரு சந்தோஷம். கொட்டகைக்குப் பத்தடி தள்ளித்தான் வாரியத்தின் தலைமை மழைமானி இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அன்று நகரத்தின் நடுவே பதினொரு மில்லிமீட்டர் மழை பதிவானது. மறுநாள் இரண்டு பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டன. பதிவைத் திருத்தலாமா என்று மேற்பார்வையாளர் கேட்டதற்குத் துணை இயக்குநர் பதறிப்போனார். "பதிவான மழை பெஞ்ச மழைதான். வாரியம் பொய் சொல்லுமா?" ஆகவே அன்று மழை பெய்தது. மழையில் நனைந்த காரில் நடந்த சோதனை செல்லாது. மறுபடி பாலிஷ்.

சாயங்காலம் மனைவி கூப்பிடுவாள். முதலில், "எத்தனையாவது மெழுகு?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஒரு மாதம் போனதும், "முடிஞ்சதா?" என்று மட்டும் கேட்டாள். ஒருநாள் அவள் கேட்கவே இல்லை. மகளின் பல் விழுந்ததைச் சொன்னாள், மாவு மில்லில் கூட்டம் என்றாள், வைத்துவிட்டாள். அலமாரித் தட்டுகளில் மறுபடி போர்வைகளை அடுக்கிவிட்டதாக மகள் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள்.

ஓட்டுநருக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் கோபம் வரவேண்டிய நேரத்தில் கைதான் வலித்தது. அப்புறம் வலியும் நின்றுவிட்டது. வலது கை விரல்கள் மரத்துப்போய், டம்ளரைப் பிடித்தால் பிடித்தது தெரியாது. சூடா ஆறியதா என்று உதட்டில் வைத்துத்தான் தெரிந்துகொள்வார். தேய்க்கச் சொன்னால் தேய்த்தார், நிறுத்தச் சொன்னால் நிறுத்தினார். நாள் கணக்கைக் கூட மேற்பார்வையாளர்தான் சொல்ல வேண்டியிருந்தது. இயக்குநர் வாடகைக் காரில் போய் வந்துகொண்டிருந்தார். அதில் இருக்கை மெத்தென்று இருந்ததால் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் பானெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. மேல்பூச்சு போய், கறுப்பும் போய், அடிப்பூச்சு வெளியே வந்திருந்தது.

"சார், பெயின்ட் போயிடுச்சு" என்றார் ஓட்டுநர்.

மூன்று பேரும் குனிந்தார்கள். நிபுணர் விரலால் தடவினார். "வழவழப்பா இருக்கு" என்றார்.

துணை இயக்குநர் நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இது பளபளப்புக் குழு. பெயின்ட் நம்ம வரம்புக்குள்ள வராது. வராத விஷயத்துல தலையிட்டா அது அத்துமீறல். நாம அடுத்த இடத்துக்குப் போவோம்."

அடுத்த இடம் என்றால் முன்கதவு. பிறகு பின்கதவு. பிறகு கூரை. பானெட்டில் கிடைத்த முடிவு கதவுக்குப் பொருந்துமா என்று உறுதி செய்ய வேண்டும் என்று அதற்கு ஒரு காரணமும் எழுதிக்கொண்டார்கள். ஐம்பத்தேழாம் நாள் கார் முழுக்கச் சாம்பல் திட்டுத் திட்டாக, தேமல் வந்த மாதிரி நின்றது. ஏழாவது மெழுகு வெற்றி பெற்றது. அதன் டப்பாவில்தான் இன்னும் ஒரு விரலுக்கு மிச்சம் இருந்தது.

வெற்றி பெற்ற மெழுகை எங்கே பூசிச் சான்று கொடுப்பது என்பதுதான் பிரச்சனை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் டிக்கியைத் திறந்தவர் நிபுணர். டிக்கி மூடியின் உட்புறம் வெயில் படாமல், பாலிஷ் படாமல், கம்பெனியிலிருந்து வந்த கறுப்பாகவே இருந்தது. ஓட்டுநர் அங்கே மெழுகைப் பூசி எடுத்தார். மூன்று பேரும் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். மூன்று முகங்களும் தெளிவாகத் தெரிந்தன. துணை இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உண்டு" என்றார். "எழுதுங்க. பளபளப்பு உண்டு."

இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த பளபளப்பு கையளிப்பதற்குள் கெட்டுவிடக் கூடாது என்பதால் காருக்கு உறை போட்டு, கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்தார்கள். டிக்கிப் பக்கம் மட்டும் திறந்து பார்க்க ஒரு மடிப்பு விட்டார்கள். முத்திரையை உடைத்தால் சான்று செல்லாது.

இனிமேல் பாக்கி ஒன்றுதான். காரைப் பொறுப்பேற்கிறவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஐம்பத்தொன்பதாம் நாள் வந்து சேர்ந்தார். வேறொரு கிளையிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஓய்வுக்கு இரண்டரை வருஷம் இருந்தது. இந்த ஊரில் மகன் வீடு இருக்கிறது, பேரன் பிறந்திருக்கிறான், அதனால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன் என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். ஓட்டுநருக்கு இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

"உறையைப் பிரிச்சு ஒரு பார்வை பாத்துடலாமா தம்பி?"

"முத்திரை வச்சிருக்குண்ணே. உடைச்சா சான்று போயிடும்."

"சரி, சரி. ஆபீஸ் நடைமுறை." அவர் மடிப்பைத் தூக்கி டிக்கியைத் திறந்தார். மூடியின் உட்புறம் கண்ணாடி மாதிரி மின்னியது. பெரியவர் அதில் முகத்தைப் பார்த்து, பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, இருக்கிற கொஞ்சம் முடியைப் படிய வாரிக்கொண்டார்.

"அடேயப்பா. உள்ளேயே இப்படி வச்சிருக்கியே. வண்டியைக் குழந்தை மாதிரி பாத்திருக்கே தம்பி." பேனாவைத் திறந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "வெளிய எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

ஓட்டுநர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் இருந்தார். ராத்திரி முழுக்க ஒரு பதிலைத் தயார் செய்துகூட வைத்திருந்தார். 'கையெழுத்துப் போடாதீங்கண்ணே' என்பது அந்தப் பதில். அதைச் சொன்னால் நாளை அறுபதாம் நாள். அவர் தன் விரல்களைப் பார்த்தார். ஆரஞ்சுப் பழம் கையில் இருந்தது, ஆனால் இருப்பது தெரியவில்லை.

"சான்று இருக்குண்ணே" என்றார்.

பெரியவர் கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு கட்டத்திலும் போட்டார். பெயின்ட் உண்டா இல்லையா என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. "என் நம்பரைப் போட்டு வச்சுக்க தம்பி" என்று சொல்லி, அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஓட்டுநரின் நம்பருக்கு ஒருமுறை அடித்தும் பார்த்தார்.

வாரியத்தின் வாசலைத் தாண்டும்போது ஏதாவது தோன்றும் என்று ஓட்டுநர் நினைத்தார். ஒன்றும் தோன்றவில்லை. பேருந்தில் ஆறு மணி நேரம் சன்னலோரம் உட்கார்ந்து வந்தார். மகள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். கேட்க வாயெடுத்து, பிறகு நினைவு வந்து, கேட்காமல் விட்டாள். அது அவருக்கு அவள் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மனைவி அலமாரித் தட்டுகளை மறுபடி காலி செய்தாள். ஒரு வாரம் போயிற்று. மூன்று பேரும் சேர்ந்து சந்தைக்குப் போனார்கள். இரண்டு நாள் அவரே மகளைப் பள்ளியில் விட்டார். விரல்களில் ஒன்றிரண்டுக்கு உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. இடது கையால் எடுத்தார்.

"தம்பி, நான்தான். சாப்பிடற நேரமா? மன்னிச்சுக்க. இயக்குநர் வெளியூர் போகணும்னு உறையைப் பிரிச்சாங்க. வண்டில பெயின்டே இல்ல தம்பி. நல்ல நிலையில வாங்கினேன்னு நான்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன், என்கிட்ட விளக்கம் கேக்கறாங்க. ஓய்வை நிறுத்தி வச்சுடுவோம்கறாங்க. ஒரு குழு கூடப் போட்டுட்டாங்க, அதே சாருதான் தலைவர். நீ ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும். நான் வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சுன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

ரெண்டு வரி. எழுதினால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போக வேண்டும். போனால் எப்போது விடுவார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியும்.

"தம்பி? கேக்குதா?"

நன்றாகவே கேட்டது. பின்னால் ஒரு கைக்குழந்தை அழுவதுகூடக் கேட்டது. ஓட்டுநர் அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தொலைபேசியைத் தரையில் வைத்தார்.

"யாருங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ராங் நம்பர்."

மறுபடி அடித்தது. மகள் எட்டி எடுத்து, திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்பா, 'டிரைவர் அண்ணன்'னு வருதே" என்றாள்.

மனைவி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தி அவரைப் பார்த்தாள். ஓட்டுநர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசி மகள் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.